லியெதெயில் ஒரு நொச்சிக்குப்பத்துக்காரன்

குவாங்சோ என்று சொன்னால் சென்னைக் கடலோரம் எங்கள் நொச்சிக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது. கேண்டன் என்று சொல்லிப் பாருங்கள், பாரிமுனையில் சணல் கட்டுகிற பையன்கூட அங்கே போய்வந்த முதலாளிகள் நாலு பேரைக் கைகாட்டுவான். இரண்டும் ஒரே ஊர்தான். தென்சீனத்தில், முத்து நதி கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கிற ஊர். 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 86 லட்சம் பேர். ஈவினிங் பஜாரின் குடை, பொம்மை, சீரியல் பல்பு, பர்மா பஜாரின் சார்ஜர், இயர்போன் என்று முக்கால்வாசிச் சரக்கு ஏதோ ஒரு வகையில் அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்ததுதான்.

பழைய உறவு இது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கே ஒரு காலத்தில் சைனா பஜார் ரோடு என்றுதான் பெயர். 1757 முதல் 1842 வரை மேல்நாட்டு வியாபாரிகளுக்குச் சீன அரசு திறந்துவைத்திருந்த ஒரே வாசல் கேண்டன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பல மதராஸைத் தொட்டுவிட்டு அங்கே போயிருக்கின்றன. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. அலைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற அந்தக் கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். எங்கள் பாட்டன்களின் பாட்டன்கள் சீனாவுக்குப் போகிற கப்பலைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர்கள். நான் ஏறிப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போனது 2003 கடைசியில். சார்ஸ் காய்ச்சல் அந்த மாகாணத்தில்தான் தொடங்கியது என்று உலகமே பயந்திருந்த வருஷம். பாரிமுனையில் நான் வேலை பார்த்த கடையில், வழக்கமாகக் கேண்டன் போகிற அண்ணன் "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார். முதலாளி கடை முழுக்கக் கண்ணை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இவன் மீன்காரி பையன். எந்த நாத்தமும் தாங்குவான். இவனை அனுப்பு." பாராட்டா திட்டா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்போர்ட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பாம்பு, பல்லி எல்லாம் துன்ற ஊராமே, இன்னாத்த துன்னுவ நீ?" என்று கேட்டு நெத்திலிக் கருவாட்டை ஆறு பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டியில் திணித்தாள்.

என் வேலை எளிது. ஆர்டர் கொடுத்த சரக்கு சாம்பிளைப் போலவே வந்திருக்கிறதா என்று கார்ட்டனைப் பிரித்துப் பார்ப்பது, கன்டெய்னரில் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பது, அடுத்த சரக்குக்கு விலை பேசுவது. பாஷை தேவையில்லை. கால்குலேட்டர் போதும். கடைக்காரம்மா ஒரு எண்ணைத் தட்டி என் பக்கம் திருப்புவாள். நான் அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டுவேன். அவள் நெஞ்சில் கைவைத்துச் செத்துப்போவதைப் போல நடிப்பாள். மணலில் ஏலம் போடுகிற பெண்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இது தாய்ப்பாலோடு வந்த கல்வி. எங்கே எழுந்து நடக்க வேண்டும், எத்தனை அடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஷியாவ்பெய் பக்கம் ஓட்டலில் இருந்தேன். வெளிநாட்டு வியாபாரிகள் குவிகிற பகுதி. ஆப்பிரிக்கர், அரபியர், நம் ஆட்கள் என்று எல்லாரும் உண்டு. சோறும் பருப்பும் கிடைக்கும், வாடகைதான் கட்டாது. விசாரித்ததில் ஒரு மொழிபெயர்ப்பாளப் பையன் லியெதெ என்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். ஆற்றின் வடகரையில், நகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய கிராமம். தொள்ளாயிரம் வருஷப் பழமை என்று சொல்வார்கள். சுற்றிலும் இருந்த வயலையும் தோப்பையும் அரசு எடுத்துக்கொண்டு ஜூஜியாங் புதுநகர் என்று கோபுரங்கள் எழுப்பத் தொடங்கியிருந்தது. கிராமத்துக்காரர்கள் கையில் மிஞ்சியது வீட்டடி மனை மட்டும். அதில் ஐந்து மாடி, ஆறு மாடி என்று கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் நிற்கிறவனோடு கைகுலுக்கலாம், அவ்வளவு நெருக்கம். நடுப்பகலில் சந்தில் விளக்கு எரியும். மேலே காயும் துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எப்போதும் யாராவது ஒருவர் தலையில் விழும்.

எனக்கு அது புதிதாகவே படவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970களில் கட்டிக்கொடுத்த பிளாக்கில் பிறந்தவன் நான். ஒரே அறையில் ஆயா, அம்மா, நைனா, நாங்கள், மூலையில் வலை. லியெதெக்கு நடுவே ஒரு ஓடை ஓடியது. முத்து நதியில் கடலின் ஏற்ற இறக்கம் அந்த ஊர்வரை தெரியும். தண்ணீர் வற்றும்போது ஓடைச் சேற்றிலிருந்து ஒரு வாடை கிளம்பும். சீனிவாசபுரத்துப் பக்கம் அடையாறு முகத்துவாரத்தில் வருமே, அதே வாடை. உடன் தங்கியிருந்த திருப்பூர்க்காரர் மூக்கைப் பொத்துவார். நான் ஜன்னலைத் திறந்துவைப்பேன்.

அந்த ஓடையில்தான் நான் இன்றுவரை மறக்காத ஒன்றைப் பார்த்தேன். அவர்கள் கணக்கில் நான்காம் மாதம், நமக்குச் சித்திரை வைகாசி வாக்கில் வரும். ஒரு காலையில் வேட்டு வெடித்தது. ஊர் ஆண்கள் முப்பது நாற்பது பேர் ஓடையில் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். பக்கெட்டால் இறைக்கிறார்கள், கையால் தோண்டுகிறார்கள், ஒரு பெரியவர் கரையிலிருந்து கத்துகிறார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் ஓடினேன். சேற்றுக்குள்ளிருந்து ஒரு படகின் விளிம்பு மெல்ல எழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும். முடிவே இல்லாமல் நீண்டு வந்தது அது. நூறடிக்கு மேல் இருக்கும். டிராகன் படகு. வருஷம் முழுவதும் சேற்றில் புதைத்துவைத்து, ஐந்தாம் மாதத்துப் போட்டிக்காகத் தோண்டி எடுக்கிறார்கள். போர்னியோவிலிருந்து வருகிற கனத்த இரும்பு மரம். வெயிலும் காற்றும் பட்டால் வெடித்துவிடும், பூச்சியும் அரிக்கும். சேற்றுக்குள் காற்றில்லாமல் கிடந்தால் நூறு வருஷம் தாங்கும்.

நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவோம். லேசான மரம், தண்ணீர் குடித்தால் கனத்துவிடும். நைனாவிடம் போனில் இதைச் சொன்னபோது நம்பவில்லை. "மரத்தப் பொதச்சா மக்கிப் பூடும்டா" என்றார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது போட்டோ காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, அணியத்தில் செதுக்கியிருந்த வேலையை விரலால் தடவி, "கெட்டிக்காரப் பசங்க" என்றார். நைனா வாயிலிருந்து அந்த வார்த்தை வாங்குவது எளிதல்ல.

ஊர்ச் சந்தையில் ஒரு மீன்காரம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், கையுறை, உதட்டோரம் எப்போதும் ஒரு சூரியகாந்தி விதைத்தோல். அந்த வட்டாரத்தில் வாடிக்கைக்காரன் எவனாக இருந்தாலும் "லெங் சாய்" என்றுதான் கூப்பிடுவார்கள், அழகுப் பையா என்று. என்னையும் அப்படிக் கூப்பிட்ட முதல் மனுஷி அவள்தான். சென்னையில் யாரும் கூப்பிட்டதில்லை. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் மீன்தொட்டியை விரலால் காட்டுவார்கள். நான் செவுளைத் திறந்து சிவப்பைப் பார்த்தேன், வயிற்றை அழுத்தினேன். அவள் விதையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தாள். மொழிபெயர்ப்புப் பையனைக் கூப்பிட்டு, "இவன் வீட்டில் யார் மீன் பிடிக்கிறார்கள்?" என்று கேட்கச் சொன்னாள்.

அவள் படகில் பிறந்தவள். முத்து நதியில் ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் படகிலேயே பிறந்து, கட்டி, பெற்று, செத்துப்போனார்கள். தான்கா என்பார்கள், ஆனால் முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும். நிலத்துக்காரர்கள் அவர்களைக் கரையேற விட்டதில்லை. பெண் கொடுத்ததில்லை. கரையில் குடியிருக்கலாம் என்று 1729ல் சக்கரவர்த்தி ஆணை போட்ட பிறகும் பழக்கம் மாறவில்லை. 1950களிலும் 60களிலும்தான் அரசு ஆற்றங்கரையில் வீடு கட்டிக் கொடுத்து அவர்களைக் கரையேற்றியது. புது வீட்டில் தரை ஆடவில்லை என்று அவள் அம்மாவுக்கு மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லையாம். என் ஆயாவும் இப்படித்தான். வாரிய வீட்டில் காற்றே இல்லை என்று கடைசிவரை மணலில், கட்டுமரத்து ஓரம்தான் பாயைப் போட்டாள். இதை எப்படியோ கையாலும் வாயாலும் மீன்காரம்மாவுக்குச் சொன்னேன். அன்றைக்கு எடைக்கு மேல் இரண்டு இறால் போட்டாள்.

மீன் சமைக்கிற விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. குழம்பில் போட்டால் மீன் செத்துவிடுகிறது என்பது அவள் கட்சி. அவர்கள் வழக்கப்படி முழு மீனை இஞ்சியோடு சில நிமிஷம் ஆவியில் வைத்து எடுத்து, வெங்காயத்தாளை மெல்லியதாக நறுக்கித் தூவி, சோயா ஊற்றி, புகைய புகையக் காய்ச்சிய எண்ணெயை மேலே விடுவார்கள். சொர்ரென்று ஒரு சத்தம். புளி கிடையாது, மிளகாய் கிடையாது. முதல் தடவை பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிற முகத்தோடு சாப்பிட்டேன். நாள்பட நாள்பட, அன்றைக்கு மீன் எவ்வளவு புதிது என்பதை மறைக்க அந்தச் சமையலில் இடமே இல்லை என்பது விளங்கியது. ஒருமுறை மேல்பக்கச் சதை தீர்ந்ததும் மீனைத் திருப்பப்போனேன். அவள் கையில் ஒன்று போட்டாள். திருப்பக்கூடாது, படகு கவிழும். முள்ளை நடுவிலிருந்து உருவி எடுத்துவிட்டு அடிச்சதையைச் சாப்பிட வேண்டும். படகை விட்டு நாற்பது வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை.

நள்ளிரவுக்கு மேல் அவளோடு ஹுவாங்ஷா மீன்சந்தைக்குப் போயிருக்கிறேன். அவள் கொள்முதல் செய்த இடம் அது. அங்கே மீன் உயிரோடு வரும். தொட்டிகளில் காற்றுக்குழாய் குமிழியிட, ஆஸ்திரேலியச் சிங்கி இறாலும் ஹைனான் தீவின் கலவாவும் நீந்திக்கொண்டே விலைபோகும். செத்த மீனுக்குப் பாதி விலைகூடக் கிடையாது. இதையும் அம்மாவிடம் சொன்னேன். "உசுரோட வாங்கினு போயி இன்னா பண்ணுவான், வளப்பானா?" என்றாள்.

ஆனால் அம்மாவுக்கென்றே ஒரு தெரு அந்த ஊரில் இருந்தது. யீதெ சாலை. கருவாட்டுக்கு மொத்தச் சந்தை. சாந்தோம் பக்கத்துக்காரன் அங்கே போனால் திசை தடுமாறிப்போவான். காரணம், தெருவுக்குப் பக்கத்திலேயே வானத்தை முட்டிக்கொண்டு இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மாதாகோயில். 1863ல் தொடங்கி 1888ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி முடித்தது, முழுக்கக் கருங்கல். நம் சாந்தோம் தேவாலயம் இப்போதைய உருவத்தில் எழுந்தது 1896ல். கூரான வளைவும் கண்ணாடிச் சித்திரமும் அதே தினுசு. ஒரு பக்கம் பூசை மணி, இன்னொரு பக்கம் கருவாட்டு வாடை. எனக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் அந்தத் தெருவில் போய் நின்றுவிட்டு வருவேன்.

கடைகளில் மூட்டை மூட்டையாகக் காய்ந்த கடம்பா, இறால், சிப்பி. நாங்கள் வலையில் ஏறினால் சபிக்கிற சொறி என்கிற ஜெல்லிமீன் அங்கே உப்பிட்டு, மடித்து, நல்ல விலைக்குப் போனது. கல்யாண விருந்தில் முதல் தட்டே அதுதானாம். கருவாடாக்குவதற்கு மட்டும்தான் லாயக்கு என்று நாங்கள் ஒதுக்குகிற வாளை மீனுக்கு அவர்களிடம் ஏகக் கிராக்கி, இந்தியாவிலிருந்தே கப்பலில் போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் அட்டையும், மீன் வயிற்றுக் காற்றுப்பையும், சுறா இறக்கையும் நகைக்கடை மாதிரி அடுக்கியிருந்தார்கள். கடல் அட்டை பிடிக்க நம் நாட்டில் 2001லிருந்து தடை, சுறா இறக்கை ஏற்றுமதிக்கு 2015லிருந்து தடை. ஏன் தடை, யாருக்காக அந்தக் கொள்ளை நடந்தது என்பதற்கு விடை அந்தத் தெருவில் கிலோ விலையோடு எழுதி வைத்திருந்தது. அந்த ஊரை எவ்வளவு பிடித்தாலும் இதை மட்டும் என்னால் ரசிக்க முடிந்ததில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. பொம்மைக் கம்பெனி ஒன்றில் கார்ட்டன் எண்ணிக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டி பாரிமுனையிலிருந்து முதலாளி போன் செய்தார். "மெரினாவுல கடல் உள்ள வந்துடுச்சுடா." அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. குப்பத்துக்கு எந்த எண்ணும் கிடைக்கவில்லை. ராத்திரி மயிலாப்பூரில் இருக்கிற சித்தப்பா லைனில் வந்தார். அம்மா ஓடி சாந்தோம் நெடுஞ்சாலை ஏறிவிட்டாள். நைனா விடியற்காலையே கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகுதான் கரை இல்லாததைப் பார்த்தார்கள். எங்கள் சொந்தத்தில் யாரும் போகவில்லை. பக்கத்து வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மறுநாள் சந்தைக்குப் போனேன். மீன்காரம்மா டிவியில் பார்த்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் என் குடும்பத்தைக் கேட்டார்கள். அவளும் கேட்டாள். "எல்லாரும் நலம்" என்றதும் அடுத்த கேள்வி: "படகு?" அந்தக் கேள்வியைக் கேட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். கரையில் வைத்திருந்த வலையும் இஞ்சினும் போய்விட்டன என்றேன். ஒன்றும் சொல்லாமல் மீனைக் கழுவ ஆரம்பித்தாள். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

2007ல் லியெதெயை இடித்தார்கள். 2010 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி, அதன் தொடக்க விழா நடக்கப்போகிற ஹாய்சின்ஷா தீவு கூப்பிடு தூரம். உலகம் பார்க்கும்போது அழுக்குச் சந்து கண்ணில் படக்கூடாது. நம்மூரிலும் இந்த வாதம் புதிதல்ல. 1985ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அகற்றப்போய் அது துப்பாக்கிச்சூட்டில் முடிந்ததை எங்கள் ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே லியெதெக்காரர்களை நகரத்தின் கோடிக்கு விரட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன். நடந்தது வேறு. கிராம நிலத்தில் ஒரு துண்டை ஏலம்விட்டு 460 கோடி யுவான் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் அதே இடத்தில் கோபுரக் குடியிருப்புகள் எழுந்தன. பழைய வீட்டின் அளவுக்கு அளவு புது வீடு. இடித்த குல முன்னோர் மண்டபங்களை ஓடைக்கரையில் மறுபடி கட்டினார்கள். 2010ல் ஊர் திரும்பியது. என் வீட்டுக்கார அம்மாவுக்குக் கிடைத்த வீடுகளின் இன்றைய மதிப்பைச் சொன்னால் போட் கிளப்காரர்கள்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

இதைக் கேட்டுச் சீனாவைப் புகழ்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஊர்க்குடும்பப் பதிவில் பேர் இருந்தவர்களுக்கு மட்டும். சந்துக்குள் அவர்களைவிடப் பல மடங்கு பேர் வாடகைக்கு இருந்தோம். ஹுனான், சிச்சுவான் பக்கத்திலிருந்து வந்த தையல்காரர்கள், ரோட்டோர நூடுல்ஸ்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள். எங்களுக்கு ஒரு நோட்டீஸ்தான். ஒரு வாரத்தில் மூட்டை கட்டினோம். மீன்காரம்மாவுக்கும் அங்கே வீடில்லை, கடை மட்டும்தான். சந்தை போனதும் அவளும் போனாள். ஆற்றுக்குத் தெற்கே மகன் வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். தேடிப்போக எண்ணி, கன்டெய்னர் தேதி, விசா தேதி என்று தள்ளிப்போட்டு, அந்த ஊரைவிட்டே கிளம்பிவிட்டேன்.

மறுபடி போனது 2018 வசந்தத்தில், கேண்டன் வர்த்தகச் சந்தைக்கு. லியெதெயில் இறங்கியதும் எனக்கு வழி தெரியவில்லை. கண்ணாடிக் கோபுரங்கள், ஜஹா ஹதீத் வடிவமைத்த ஆப்பரா மாளிகை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் 600 மீட்டர் உயரத்தில் கேண்டன் டவர். ஓடையைக் கண்டுபிடித்ததும்தான் திசை வந்தது. கரையைச் சிமென்ட் போட்டுக் கட்டி, விளக்கு வைத்து, பாலம் போட்டிருந்தார்கள். ஆனால் படகுக் கொட்டகை இருந்தது. டிராகன் படகுகளும் இருந்தன. நாற்பது மாடிக்காரர்கள் லிஃப்டில் இறங்கிவந்து துடுப்பு வலிக்கிறார்கள்.

அதே வாரம் ஒரு நாள் ஒதுக்கி, முன்பு அங்கே இருந்த காலத்தில் பார்க்காமல் விட்ட இரண்டு இடங்களைப் பார்த்தேன். ஒன்று, போதிதர்மர் கரையிறங்கியதாகச் சொல்லும் இடம். 2011ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு நம் ஆட்களுக்கு அவரைத் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பது மரபு, காஞ்சிபுரம் என்பது நம் நம்பிக்கை. ஹுவாலின் கோயிலுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் இப்போது கடலும் இல்லை, ஆறும் இல்லை. பச்சைக்கல் விற்கிற சந்துகள். ஆயிரத்தைந்நூறு வருஷத்தில் மண் சேர்ந்து சேர்ந்து கரை தெற்கே நகர்ந்துவிட்டது. துறைமுகம் கட்டியபின் மெரினாவில் மணல் சேர்ந்து கடல் தள்ளிப்போனது எங்களுக்குத் தெரிந்த கதைதான். கடல் விட்டுக்கொடுத்த மணலில்தான் கரையோரக் குப்பங்கள் வலை காயப்போடுகின்றன, அதே மணலுக்காகத்தான் எல்லாச் சண்டையும்.

இன்னொன்று, ஊருக்குக் கிழக்கே நான்ஹாய் கோயில். தென்கடல் தெய்வத்துக்கு 594ல் எழுப்பியது. கப்பலேறுகிறவர்கள் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். கடல் அலையடிக்காமல் இருக்க வேண்டும் என்று வாசலில் கல்லில் எழுதியிருக்கிறது. உள்ளே ஓரமாக ஒரு சிலை. சீன உடை, கருத்த முகம், ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துத் தூரத்தைப் பார்க்கிறார். தாங் வம்சக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தூதராம். கொண்டுவந்த பலாக்கொட்டையைக் கோயில் வளாகத்தில் நட்டுவிட்டு, அழகு பார்த்துக்கொண்டே நேரம் மறந்துவிட்டார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்து அங்கேயே செத்துப்போனார். ஊர்க்காரர்கள் பரிதாபப்பட்டுத் தெய்வமாக்கிவிட்டார்கள். மெய்யோ பொய்யோ, கதையைக் கட்டியவன் கடற்கரைக்காரன். படகு வரத் தாமதமானால் எங்கள் பெண்கள் நிற்கிற நிற்பு அது, கை வைக்கிற இடம்கூடத் தவறவில்லை. அவர்கள் கணக்கில் இரண்டாம் மாதம், நம் மாசி பங்குனி வாக்கில், அங்கே பெரிய திருவிழா. மாசி மகத்துக்கு மயிலாப்பூர்ச் சாமிகள் எங்கள் கடலில் தீர்த்தமாட வருகிற பருவத்தை ஒட்டித்தான்.

நொச்சிக்குப்பத்திலும் பழைய வாரிய பிளாக்குகளை இடித்துப் புதிது கட்டிவிட்டார்கள். லூப் ரோட்டு ஓரத்தில் மீன் விற்றதைப் போக்குவரத்து இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. கடைகளை அகற்ற வந்தபோது பெண்கள் மீனை ரோட்டில் கொட்டி உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். டைல்ஸ், தண்ணீர், மீன் அறுக்கத் தனி இடம் எல்லாம் இருக்கிறது. காரை ரோட்டில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி விலை கேட்ட பழைய வாடிக்கைக்காரர்களில் சிலர் உள்ளே ஏறிவரச் சோம்பல்படுகிறார்கள் என்று அம்மா புலம்புகிறாள். ஹுவாங்ஷாவைப் பார்த்த எனக்கு அங்காடி மேல் வருத்தமில்லை. குப்பம் கடலை விட்டு நகரவில்லை, அதுதான் பெரிது. ஆனால் லியெதெயில் நிலத்தின் விலையில் ஊருக்குப் பங்கு கிடைத்தது. எங்கள் ஊரில் கடற்கரை நிலத்தின் விலை ஏற ஏற எங்கள் நெஞ்சுதான் படபடக்கிறது.

கேண்டன் போகிற வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 2020ல் நின்றுபோன நேரடி விமானம் 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்தும், அடுத்த மாதம் டெல்லியிலிருந்தும் குவாங்சோவுக்கு மறுபடி தொடங்கிவிட்டது. சந்தை முடிந்த கையோடு ஏர்போர்ட்டுக்கு ஓடாதீர்கள். கூடுதலாக ஒரு நாள் தங்கி மெட்ரோ 13ஆம் லைனில் ஏறுங்கள். நான்ஹாய் கோயிலுக்கென்றே தனி ஸ்டேஷன் இருக்கிறது. அந்தக் கருத்த முகத்துக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் லூப் ரோட்டில் காரை ஓரம்கட்டி அங்காடிக்குள் ஏறிவந்து மீன் வாங்குங்கள். பேரம் பேசலாம், தப்பில்லை.